மக்கும் போனும் மக்காத புளுகும்

சித்தப்பாவுக்கு வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்திருக்கிறது. வழக்கம்போல அதை எனக்குத் தள்ளிவிட்டார். "கிராஃபீனும் மரக்கூழும் கலந்த காகிதத்தில் செல்போன்! மடிக்கலாம், சுருட்டலாம், வேண்டாம் என்றால் மண்ணில் போடலாம், உரமாகிவிடும்! பிளாஸ்டிக்குக்கு முடிவு!" கூடவே ஒரு படம். ஒரு கை, கண்ணாடி மாதிரி ஒரு தாள், அந்தத் தாளுக்குள்ளேருந்து ஒரு செடி முளைக்குது.

பின்னாலேயே அவர்கிட்டேருந்து போன்.

"ஏம்ப்பா, மேசை டிராயர்ல அஞ்சு பழைய போன் கிடக்கு. என்ன பண்றதுன்னே தெரியலை. இந்தப் புதுசு வந்துட்டா இந்தத் தொல்லையே இருக்காதுல்ல? தோட்டத்துல ஒரு குழி தோண்டிப் போட்டா முடிஞ்சுது?"

சிரித்துவிட்டு வைக்கத்தான் பார்த்தேன். அப்புறம் யோசித்தால், சிரிக்க ஒன்றும் இல்லை. அவர் அந்தச் செய்தியைத் தப்பாகப் புரிந்துகொள்ளவே இல்லை. அது எதைச் சொல்ல வந்ததோ அதைத்தான் புரிந்துகொண்டிருக்கிறார். "இப்போதைக்குக் கவலைப்படாதே, விஞ்ஞானி பார்த்துக்குவார்" என்பதுதான் அதன் சாரம். எனக்குக் கோபம் வருவதும் அங்கேதான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிராஃபீன்-செல்லுலோஸ் படலத்தின் மேல் எனக்கு எந்த விரோதமும் கிடையாது. நல்ல பொருள். அதற்கு ஒட்டுகிற லேபிள் மேல்தான் விரோதம்.

சரக்கு என்ன?

பென்சில் முனையில் இருக்கிற கிராஃபைட் தெரியும் இல்லையா? கார்பன் அணுக்கள் தேன்கூடு மாதிரிக் கோர்த்துக்கொண்ட தாள்கள், ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியது. ஒரு மில்லிமீட்டர் தடிமனில் ஏறக்குறைய 30 லட்சம் தாள் இருக்கும். அதில் ஒரே ஒரு தாளை மட்டும் உரித்து எடுத்தால் அது கிராஃபீன். 2004-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கைம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் குழு சாதாரண ஒட்டும் டேப்பை வைத்து உரித்துக் காட்டியது. 2010-ல் நோபல் பரிசு.

அந்த ஒற்றைத் தாளின் ஜாதகம் பிரமாதம். 2008-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அளந்தபோது அதன் வலிமை 130 கிகாபாஸ்கல் என்று வந்தது, எஃகெல்லாம் பக்கத்தில் நிற்க முடியாது. தன் மேல் விழும் வெளிச்சத்தில் வெறும் 2.3 சதவீதத்தைத்தான் விழுங்கும். மின்சாரத்தையும் வெப்பத்தையும் தாராளமாகக் கடத்தும்.

மாப்பிள்ளை இவர். பெண் செல்லுலோஸ். மரம், பருத்தி, வைக்கோல், வாழைநார் என்று எந்தத் தாவரத்தை எடுத்தாலும் அதன் எலும்புக்கூடு இதுதான். சாதாரணக் காகிதத்தில் செல்லுலோஸ் நார் முடி மாதிரித் தடிமனாக இருக்கும். வெளிச்சம் அதில் பட்டுச் சிதறுவதால்தான் காகிதம் வெள்ளையாகத் தெரிகிறது. அந்த நாரைப் பிரித்துப் பிரித்து நானோமீட்டர் கணக்குக்குக் கொண்டு வந்துவிட்டால் வெளிச்சம் சிதறாது. காகிதம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். 2006-ல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் அகிரா இசோகாய் குழு, டெம்போ என்ற வினையூக்கியை வைத்து (மூணு சக்கர வண்டி இல்லீங்க, ஒரு வேதிப்பொருளோட சுருக்கப் பெயர்) 3, 4 நானோமீட்டர் தடிமனில் நாரைப் பிரித்தெடுத்தது. அதற்காக இசோகாயும் அவரது சகாக்களும் 2015-ல் மார்கஸ் வாலன்பெர்க் பரிசு வாங்கினார்கள். காடு, காகிதத் துறையில் அதுதான் நோபல் மாதிரி.

ரெண்டு பேருக்கும் பொருத்தம் பார்த்ததற்குக் காரணம் இருக்கிறது. கிராஃபீன் தண்ணீரில் நிற்காது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டி தட்டிவிடும். நானோ செல்லுலோஸ் நடுவில் புகுந்து அதைப் பிரித்து வைக்கும். செல்லுலோஸ் மின்சாரம் கடத்தாது, அதைக் கிராஃபீன் பார்த்துக்கொள்ளும். செல்லுலோஸ் வளையும், கிழியாமல் பிடித்து வைக்கும். இரண்டையும் தண்ணீரில் கலக்கி, வடிகட்டியின் அடியிலிருந்து காற்றை உறிஞ்சி வடித்து, மேலே தங்கும் படிவை உரித்துக் காயவைத்து அழுத்தினால் கறுப்பாக ஒரு தாள் கிடைக்கும். வடிகட்டும் காகிதத்திலேயே கிராஃபீனை இறக்கிவிடும் வழியும் உண்டு.

கவனிச்சீங்களா? கறுப்பாக. வாட்ஸப் படத்தில் இருந்தது கண்ணாடி மாதிரித் தாள். மின்சாரம் நன்றாகப் போகும் அளவுக்குக் கிராஃபீன் செதிலைக் கொட்டிய பிறகு அது கண்ணாடி மாதிரி இருக்காது. படம் போட்ட மகராசன் தாளைப் பார்த்ததே இல்லை.

முதல் புளுகு: "கிராஃபீன்"

செய்தியில் எப்போதும் ஒற்றைத் தாளின் ஜாதகத்தைத்தான் படிப்பார்கள். எஃகைவிடப் பல மடங்கு பலம், தாமிரத்தைவிட நல்ல கடத்தி, அது இது. ஆனால் அந்தக் கலவைத் தாளில் போவது ஒற்றைத் தாள் இல்லை. பல அடுக்கு உள்ள செதில்கள். பத்து அடுக்கு வரைக்கும் "சில அடுக்குக் கிராஃபீன்" என்று சொல்லிக்கொள்ளலாம் என 2017-ல் வந்த சர்வதேசத் தர வரையறையே இடம் கொடுக்கிறது. அதற்கு மேல் போனால் அது பரோட்டா. பேச்சுவழக்கில் கிராஃபைட்.

2018-ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகக் குழு ஒரு நல்ல காரியம் பண்ணியது. உலகம் முழுக்க 60 கம்பெனிகள் கிராஃபீன் என்று விற்ற சரக்கை வாங்கி அளந்து பார்த்தது. பெரும்பாலானவற்றில் பத்து அடுக்குக்குள் இருந்தது 10 சதவீதம்கூட இல்லை. 50 சதவீதத்தைத் தாண்டியது ஒன்றுகூட இல்லை. மீதி கிராஃபைட் தூள். பாலில் தண்ணீர் கலக்கிறவன்கூடப் பால்தான் அதிகம் ஊத்துவான்.

சரி, நல்ல சரக்காகவே வாங்கிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அப்பவும் மின்சாரம் ஒரு செதிலிலிருந்து அடுத்த செதிலுக்குத் தாவ வேண்டும். நடுவில் யார் உட்கார்ந்திருக்கிறார்? மின்சாரம் கடத்தாத செல்லுலோஸ். செல்லுலோஸைக் கூட்டினால் தாள் உறுதியாகும், கடத்தல் விழும். கிராஃபீனைக் கூட்டினால் கடத்தல் ஏறும், தாள் பொடியும். இந்த ரெண்டுக்கும் நடுவில் பேரம் பேசுவதுதான் இந்தத் துறையின் முக்கால்வாசி வேலை. தாமிரத்தின் கடத்துதிறன் மீட்டருக்குச் சுமார் 6 கோடி சீமென்ஸ். செல்லுலோஸ் கணிசமாகக் கலந்த இந்தத் தாள்கள் பெரும்பாலும் சில ஆயிரத்தோடு நின்றுவிடும். கிட்டத்தட்ட பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இதை வைத்து மின் வயரை மாற்றப் போகிறோம் என்று ஒருத்தர் சொன்னால், அவர் வீட்டு மெயின் வயரை முதலில் மாற்றச் சொல்லுங்கள்.

இதில் இன்னொரு முடிச்சு. கிராஃபீனை மலிவாகச் செய்ய ஒரு வழி, கிராஃபைட்டை ஆக்சிஜனேற்றம் பண்ணிக் கிராஃபீன் ஆக்சைடு ஆக்குவது. அது தண்ணீரில் நன்றாகக் கலக்கும், செல்லுலோஸோடும் சமத்தாக இருக்கும். ஆனால் மின்சாரம் கடத்தாது. திரும்பக் கடத்த வைக்க அந்த ஆக்சிஜனை வெளியேற்றணும். நன்றாக வெளியேற்ற வேண்டுமானால் 1000 டிகிரிக்கு மேல் சூடு பண்ணணும். செல்லுலோஸோ 200 டிகிரியைத் தாண்டினாலே கருக ஆரம்பித்துவிடும். மாப்பிள்ளைக்குத் தேவையான சூட்டில் பெண் சாம்பல்! அதனால் ரசாயனம் வைத்து, குறைந்த சூட்டில், அரைகுறையாக ஆக்சிஜனை நீக்குகிறார்கள். அரைகுறையாகத்தான் கடத்தும்.

இரண்டாவது புளுகு: "வளையும்"

வளையும். உண்மைதான். நம்ம ரேஷன் கார்டுகூட வளைஞ்சுது. எத்தனை தடவை, எவ்வளவு இறுக்கமாக, எவ்வளவு ஈரத்தில் என்பதுதான் கேள்வி.

ஒரு நல்ல ஆய்வையே எடுத்துக்கொள்வோம். 2011-ல் சீனாவின் ஷென்யாங் உலோக ஆராய்ச்சி நிலையத்தில் ஹுய்மிங் செங் குழு கிராஃபீன்-செல்லுலோஸ் காகிதம் செய்தது. 1000 தடவை வளைத்த பிறகு அதன் கடத்துதிறன் 6 சதவீதம்தான் குறைந்தது. அந்த நேரத்துக்கு அருமையான முடிவு. அவர்கள் அதைச் செய்தது மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற சூப்பர் கெபாசிட்டருக்கு, போன் திரைக்கு இல்லை. அவர்களும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் "வளையும்" என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் பிய்த்து எடுத்து "மடக்கும் போன்" என்று தலைப்புப் போட்டால்? ஒரு நாளைக்கு நூறு தடவை போனைத் திறக்கிறோம் என்று வைத்தால் ஆயிரம் தடவை என்பது பத்து நாள். 2019-ல் வந்த சாம்சங் கேலக்ஸி ஃபோல்டு 2 லட்சம் மடிப்புக்குச் சோதிக்கப்பட்டது.

அந்த ஃபோல்டைப் பற்றியே பேசுவோம். கிராஃபீன் வந்தால்தான் மடக்கும் போன் வரும் என்று எத்தனை வருஷம் எழுதினார்கள்! 2010-ல் தென்கொரியாவில் 30 அங்குலக் கிராஃபீன் படலத்தையே உருட்டி உருட்டி எடுத்துக் காட்டினார்கள். நிஜமாகவே அழகான வேலை. ஆனால் மடக்கும் போன் கடைக்கு வந்தபோது அதன் திரை உட்கார்ந்திருந்தது பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக் மேல். அடுத்த வருஷம் மேலே மெல்லிய கண்ணாடி போட்டார்கள். எந்த பிளாஸ்டிக்குக்கு முடிவு கட்டப்போவதாகச் சொன்னார்களோ அதே பிளாஸ்டிக்தான் கல்யாணத்துக்கு முதல் பந்தியில் உட்கார்ந்தது.

காரணம் மர்மம் ஒன்றும் இல்லை. தண்ணீர். செல்லுலோஸுக்குத் தண்ணீர் என்றால் உயிர். அதன் நார்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பது ஹைட்ரஜன் பிணைப்பு. நடுவில் தண்ணீர் மூலக்கூறு புகுந்தால் அந்தப் பிடி தளரும், தாள் உப்பும், செதில்கள் விலகும், கடத்தல் மாறும். பொரித்த அப்பளத்தை மழைக்காலத்தில் கால் மணி நேரம் திறந்து வைத்துப் பாருங்கள், புரிந்துவிடும். ஈரம் பட்டால் கடத்தல் மாறுவதையே ஈரப்பத உணரியாக்கி விற்கலாம், அது புத்திசாலித்தனம். ஆனால் ஐப்பசியில் சட்டைப்பைக்குள் வேர்வையோடு கிடக்கும் போனுக்கு அது வியாதி.

இதற்கு மருந்து என்ன தெரியுமா? மேலே ஒரு பூச்சு. ஈரம் புகாத பாலிமர் பூச்சு. அதாவது, வாசல் வழியாக அனுப்பிய பிளாஸ்டிக் கொல்லைப்புறம் வழியாக உள்ளே வந்தாச்சு.

மூன்றாவது புளுகு, பெரிய புளுகு: "மக்கும்"

முன்னே சொன்ன ரெண்டும் விளம்பரக்காரன் வழக்கமாக விடுகிற உதார் என்று மன்னித்துவிடலாம். இது அப்படி இல்லை.

2015-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் நானோ செல்லுலோஸ் தாள் மேல் மின்னணுச் சில்லு செய்து காட்டினார்கள். அதில் கிராஃபீன் கிடையாது, ஆனால் "மக்கும் மின்னணு" பேச்சுக்கு அதுதான் பிள்ளையார் சுழிகளில் ஒன்று என்பதால் சொல்கிறேன். மரத்தை அரிக்கும் பூஞ்சையை விட்டு அந்தத் தாள் மக்குவதையும் காட்டினார்கள். நியாயமான ஆய்வு. தாள் மக்கியது. ஆனால் அந்தத் தாளின் மேல் ஈரத்துக்காகவும் வழவழப்புக்காகவும் பூசியது எபாக்சி. அதன் மேல் செய்த நுண்ணலைச் சில்லுகளில் கேலியம் ஆர்சனைடு. ஆர்சனைடு என்றால் ஆர்சனிக், நம்ம பாஷாணக் குடும்பம். வழக்கமான சில்லில் பெரும்பகுதி வெறும் தாங்குதளம்தான், அந்த இடத்தில் மரநாரை வைத்தால் விஷப்பொருளின் அளவை மிகவும் குறைக்கலாம் என்பதே அவர்கள் வாதம். சரியான வாதம். "குறைக்கலாம்" என்றுதான் சொன்னார்கள், "மறைந்துவிடும்" என்று இல்லை. அதை "காட்டில் போட்டால் மக்கிவிடும் சில்லு" என்று செய்தி எழுதியவர்கள் யாரோ, அவர்களைத்தான் கேட்கிறேன்: பாஷாணம் எந்தப் பூஞ்சைக்குச் சாப்பாடு?

ஒரு போனையோ, ஒரு மருத்துவப் பட்டையையோ பிரித்துப் போட்டுப் பாருங்கள். சில்லு சிலிக்கான். இணைப்புக்கு வெள்ளி மை அல்லது தாமிரம். ஒட்ட ஈயப்பற்று அல்லது தகரப்பற்று. பேட்டரியில் லித்தியம், கோபால்ட். கிராஃபீன்-செல்லுலோஸ் தாள் அதிகபட்சம் அடியில் விரிக்கிற பாய். பாய் மக்கும். பாயில் படுத்திருப்பவர்கள்?

சரி, கிராஃபீனே மக்குமா? கிராஃபீன் ஆக்சைடைச் சில நொதிகள் மெதுவாகச் சிதைக்கும் என்று ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். ஆக்சிஜன் ஏறாத கிராஃபீன் அதைவிடப் பிடிவாதக்காரர். அதனுடைய அப்பா கிராஃபைட் கோடிக்கணக்கான வருஷம் பூமிக்குள் அப்படியே உட்கார்ந்திருந்தவர். தாள் மக்கிய பிறகு மிஞ்சுவது நுண்செதில் தூள். அது நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் 2021 ஏப்ரலில் கனடாவின் சுகாதாரத் துறை, கிராஃபீன் பூசிய முகக்கவசங்களைப் போடாதீர்கள், துகள் மூச்சில் போகலாம் என்று எச்சரித்தது. பரிசீலித்த பிறகு ஜூலையில் சில மாடல்களைத் திரும்ப அனுமதித்தது. சரியான முறை அதுதான்: நிறுத்து, அளந்து பார், பிறகு விடு. அளக்காமலே "உரமாகிவிடும்" என்று சொல்வது எந்த முறை?

செய்கிற விதத்தையும் பாருங்கள். கிராஃபீன் ஆக்சைடு செய்ய ஹம்மர்ஸ் என்பவர் பெயரில் 1958-லிருந்து புழங்கும் முறை: அடர் கந்தக அமிலம், சோடியம் நைட்ரேட், பொட்டாசியம் பெர்மாங்கனேட். இதைத் தண்ணீர் விட்டுக் கழுவு கழுவு என்று கழுவ வேண்டும். அமிலமும் மாங்கனீஸும் கலந்த அந்தக் கழுவுநீரை எங்கேயாவது சுத்தம் பண்ணியாகணும். அப்புறம் ஆக்சிஜனை வெளியேற்ற ரொம்ப நாளாகப் பயன்பட்டது ஹைட்ரசின், செயற்கைக்கோள் எரிபொருளாகப் போடுகிற விஷம். வைட்டமின் சி வைத்தும் செய்யலாம் என்று கண்டுபிடித்தார்கள், சந்தோஷம். 2014-ல் டப்ளினில் ஒரு குழு மிக்ஸியில் கிராஃபைட்டையும் பாத்திரம் கழுவுகிற திரவத்தையும் போட்டு அடித்தே கிராஃபீன் எடுத்துக் காட்டியது, அது இன்னும் சந்தோஷம். ஆக நல்ல வழிகளும் இருக்கு. அப்படியானால் எந்த வழியில் செய்த தாள் என்று சொல்லித்தானே "பசுமை" என்று எழுத வேண்டும்? ஒருத்தரும் எழுதுவதில்லை. "மரத்திலிருந்து வந்தது" என்ற ஒரே வரியில் எல்லாப் பாவமும் கழுவப்பட்டுவிடுகிறது.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. கலவைப் பொருள் என்றாலே பிரிக்க முடியாதபடி கலந்தது என்று அர்த்தம். அதுதான் அதன் பலம். அதுவேதான் பழைய சாமான் கடைக்காரரின் தலைவலி. ஒரு பழைய சர்க்யூட் போர்டைத் தேடி வருகிறவன் இருக்கிறான், அதில் தாமிரமும் தங்கமும் இருப்பதால். ஸ்டாம்பு அளவில் ஒரு தாள், அதில் துளி வெள்ளி, துளி சிலிக்கான், மீதி கரி. இதை யார் குனிந்து பொறுக்குவார்கள்? எல்லாம் குப்பைமேட்டுக்குத்தான். மலிவாக, மெலிதாக, தூக்கிப்போடலாம் என்ற மனசாட்சியோடு செய்தால், அட்டைப்பெட்டிக்கு ஒன்று, பால் கவருக்கு ஒன்று என்று கோடிக்கணக்கில் வரும். "மக்கும்" என்ற சொல் இங்கே குப்பையைக் குறைக்கிற சொல் இல்லை. கூசாமல் குப்பை போடுவதற்கு அனுமதிச் சீட்டு.

2022-ல் உலகம் முழுக்க சேர்ந்த மின்னணுக் குப்பை 6.2 கோடி டன் என்கிறது ஐ.நா. அமைப்புகளின் கணக்கு. அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 சதவீதம். மீதியில் பெரும்பகுதி சித்தப்பா டிராயரிலும், குப்பைமேட்டிலும், அமிலத்தொட்டியில் கையுறை இல்லாமல் கை விடுகிறவர்களின் நுரையீரலிலும் இருக்கிறது. இந்த 6.2 கோடி டன்னை எந்தக் கிராஃபீன் காகிதமும் தொடப்போவதில்லை. அதற்கு வேண்டியது புதுப் பொருள் இல்லை. கழட்டக்கூடிய பேட்டரி, கிடைக்கிற உதிரிப்பாகம், ரிப்பேர் பண்ண விடுகிற கம்பெனி, திரும்ப வாங்கிக்கொள்கிற கடை. இதிலெல்லாம் செடி முளைக்கிற படம் போட முடியாது, அதனால் யாரும் ஃபார்வர்டு பண்ணுவதில்லை.

"அப்ப ஆராய்ச்சியே வேணாங்கிறியா?"

கேட்பீர்கள் என்று தெரியும். வேண்டாம் என்று யார் சொன்னது?

இந்தத் தாளுக்கு நிஜமான வேலைகள் இருக்கின்றன. சூப்பர் கெபாசிட்டர் மின்முனையாக, மேலே சொன்ன ஷென்யாங் வேலை மாதிரி. உடம்பில் ஒட்டி அசைவை அளக்கும் உணரியாக, ஏனென்றால் இழுத்தால் செதில்கள் விலகி மின்தடை ஏறும், அந்த "குறை"யே அங்கே வேலை. மின்காந்த இரைச்சலைத் தடுக்கும் மறைப்பாக. சில்லின் சூட்டைப் பக்கவாட்டில் பரப்பும் தாளாக. 2018-ல் வந்த ஹுவாவே மேட் 20 எக்ஸ் போனிலேயே சூட்டை இறக்கக் கிராஃபீன் படலம் வைத்திருந்தார்கள். அதில் செல்லுலோஸ் இல்லை. ஆனால் கிராஃபீன் நிஜமாக வேலைக்குச் சேர்ந்தது திரையில் இல்லை, திரைக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல், வெப்பம் சுமக்கிற கூலியாக. இந்தத் துறையின் கதையே இதுதான். கதாநாயகன் வேஷத்துக்குக் கூப்பிட்டு வந்து, கடைசியில் லைட் பாயாக நன்றாக வேலை செய்கிறது. லைட் பாய் இல்லாமல் படம் எடுக்க முடியுமா? அதைச் சொல்ல என்ன வெட்கம்?

வெட்கத்துக்குக் காரணம் காசு. 2013-ல் ஐரோப்பிய ஒன்றியம் பத்து வருஷத்துக்கு நூறு கோடி யூரோ என்று கிராஃபீனுக்கு ஒதுக்கியது. நூறு கோடி கேட்கும்போது "ஈரத்தில் கொஞ்சம் உப்பும், ஆனால் நல்ல உணரி" என்று சொன்னால் எடுபடாது. உலகத்தைக் காப்பாற்றணும். ஆய்வுக் கட்டுரையில் உள்ளே, பன்னிரண்டாவது பத்தியில், ஈரப்பதம் பற்றி ஒரு வரி நேர்மையாக இருக்கும். பல்கலைக்கழகச் செய்திக்குறிப்பில் அந்த வரி காணாமல் போகும். பத்திரிகையில் "பிளாஸ்டிக்குக்கு மாற்று" ஆகும். வாட்ஸப்புக்கு வரும்போது செடி முளைத்துவிடும். இதில் யாரும் தனியாகப் பொய் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு வரியை விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

நஷ்டம் யாருக்கு? வரி கட்டினவருக்கு. பத்து வருஷம் கழித்து "என்னப்பா, போன் வரலையே" என்று கேட்டு, நல்ல உணரி ஆராய்ச்சிக்கும் சேர்த்துக் காசை நிறுத்தும்போது, அதை நம்பி ராத்திரி பகலாக வடிகட்டித் தாள் உரித்த ஆராய்ச்சி மாணவருக்கு. எல்லாவற்றுக்கும் மேலே, "எப்படியும் மக்கும் போன் வரப்போகுது" என்று பழைய போனைத் தூக்கிப்போடுகிறவர் வீட்டுப் பக்கத்துக் கிணற்றுக்கு.

அதனால் அடுத்த தடவை இந்த மாதிரிச் செய்தி வந்தால் நாலு கேள்வி கேளுங்கள்.

1. எத்தனை அடுக்குக் கிராஃபீன், எப்படிச் செய்தது, கழுவின தண்ணீர் எங்கே போச்சு?

2. எத்தனை தடவை, எவ்வளவு வளைவில், எவ்வளவு ஈரப்பதத்தில் வளைத்தீர்கள்?

3. ஈரம் புகாமல் இருக்க மேலே என்ன பூசினீர்கள்?

4. மக்கும் என்றால் எது? தாளா, முழுக் கருவியா? தாள் மக்கின பிறகு மிச்சத்தை யார் எடுப்பார்கள்?

நாலுக்கும் பதில் இருந்தால் தாராளமாகக் கை தட்டலாம், நானும் தட்டுவேன். ஒன்றுக்கும் பதில் இல்லையென்றால் அது செய்தி இல்லை, விளம்பரம்.

சித்தப்பாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. பாயும் படுத்திருப்பவர்களும் கதையை மட்டும் சொன்னேன். 2023 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி மறுசுழற்சிக்குத் தயாரிப்பாளரும் பொறுப்பு, பதிவு பெற்ற இடத்தில் கொடுக்கலாம், ஞாயிற்றுக்கிழமை நானே வந்து எடுத்துப் போகிறேன் என்றேன். பேட்டரி உப்பியிருந்தால் தனியாக வையுங்கள், குத்திப் பார்க்காதீர்கள் என்றும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சரி, போனை எடுத்துட்டுப் போ. சார்ஜரை மட்டும் விட்டுட்டுப் போ, எதுக்காவது ஆகும்" என்றார்.